எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் கட்சிக்காரர்

என் கட்சிக்காரர் எத்தனையாவது வகுப்பில் படிக்கிறார் என்று நீதிபதி கேட்டபோது, எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. கட்சிக்காரருக்கு வயது ஐம்பத்தொன்று.

நீதிபதி அம்மா நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதிலுரையைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலாவது பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'மேற்படி பிரதிவாதி தற்சமயம் பள்ளியில் பயின்று வருகிறார். அவரது கல்விக்கும் எதிர்காலத்துக்கும் குந்தகம் ஏற்படாதவாறு இந்த நீதிமன்றம் பாதுகாக்க வேண்டும்.' பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் நான் மட்டும் சிரிக்காமல் நின்றால் எல்லாருடைய கண்ணும் என் மேல்தானே விழும்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொத்து வழக்கில் ஒரு தரப்பு சிறுபிள்ளையாக இருந்தாலோ, தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் மனநிலை இல்லாதவராக இருந்தாலோ, அவருக்காக நின்று பேச ஒரு காப்பாளர் வேண்டும். வழக்கமாக வீட்டு ஆள் யாராவது நிற்பார். அந்த வீட்டு ஆளே வழக்குப் போட்டவராக இருந்தால், நீதிமன்றம் ஒரு வக்கீலைப் பிடித்துக் காப்பாளராக நியமிக்கும். அடுப்பில் வைத்த பாலுக்குக்கூட என் மனைவி என்னைக் காவல் வைக்க மாட்டாள். ஆனால் மதுரையில் இருபத்தைந்து வருடமாக நீதிமன்றங்கள் என்னை மனிதர்களுக்குக் காப்பாளராக வைத்துக்கொண்டிருக்கின்றன. கூப்பிட்ட உடனே 'சரிங்கம்மா' என்று எழுந்து நிற்பேன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் இந்த வேலையில் எனக்கு ஒரு பிரியமும் உண்டு. இந்தக் கட்சிக்காரர்கள் போன் போட்டு 'சார், நம்ம கேசு என்னாச்சு' என்று கேட்க மாட்டார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். வேறு வக்கீலிடம் போய்விடுவேன் என்று மிரட்ட மாட்டார்கள். வாழ்நாள் முழுதும் நான் தேடிய கட்சிக்காரர்கள் இவர்கள்தான்.

இதற்கென்று எங்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே தட்டச்சுக்கடை வைத்திருக்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் என் பெயரில் ஒரு ஃபைல் உண்டு. அதைத் திறந்து, வழக்கு எண்ணையும் பெயரையும் மாற்றி, அச்செடுத்து, டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடலாம். பெரும்பாலும் சிறுபிள்ளைகள்தான் பிரதிவாதியாக வருவார்கள் என்பதால் அந்தப் பள்ளிக்கூட வரி அதில் நிரந்தரமாகக் குடியிருந்தது. காப்பாளராக இருந்தேனே தவிர, அவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. மற்ற வக்கீல்களும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதுமில்லை.

வழக்கு எளிமையானது. சிம்மக்கல்லில் ஒரு பழைய வீடு. அதில் அண்ணன், தம்பி இருவருக்கும் சரிபாதி. அம்மா இருந்தவரை தம்பியைப் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு, வீட்டை விற்றுவிட்டுத் தம்பியின் பங்கை வங்கியில் அவர் பெயரிலேயே போட்டு, தம்பியைக் காளவாசலில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று அண்ணன் நினைத்தார். தம்பிக்குப் பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைவு. டாக்டர் சான்றிதழ் இருந்தது. அண்ணனின் வக்கீல் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், உறவுமுறை எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு அவன் மாப்ள. அவன் சமரச மனுவை நீட்டி, 'அண்ணே, தகராறே இல்லாத கேசு' என்றான். தம்பிக்குச் சம்மதம் என்று அவருடைய காப்பாளராக நான் கையெழுத்துப் போட்டேன். நீதிமன்றம் அனுமதி தர வேண்டியதுதான் பாக்கி. அந்த அனுமதிக்கு வந்த இடத்தில்தான் நாலாவது பத்தி மாட்டிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார்.

"இவரை நேர்ல பாத்திருக்கீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்தது 'ஆள் எப்படி இருக்கிறார்' என்று கேட்டால், பள்ளிச் சீருடையில் இருக்கிறார் என்றா சொல்வது? இல்லை என்றேன்.

"அப்ப யாருக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மூன்று வாரம் வாய்தா. தம்பி எங்கே இருக்க விரும்புகிறார் என்பதை நேரில் பார்த்து அறிந்து, அறிக்கை கொடுக்க வேண்டும். அதுவரை வீட்டை விற்கக்கூடாது.

மறுநாள் காலை எட்டரைக்குச் சிம்மக்கல் போனேன். மொத்த வியாபாரக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து அது. வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே டீக்கடையில் விசாரித்தேன். டீ மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீடு வாங்க வந்திருக்கிறேனா என்று கேட்டார். நான் அந்த வீட்டுத் தம்பியின் வக்கீல் என்றதும், அவருக்கு வக்கீல் இருக்கிறாரா என்று ஆச்சரியப்பட்டார். எனக்கும் அதே ஆச்சரியம்தான் என்று சொல்லவில்லை.

"காலையில ஒரு நடை போயிட்டு ஒம்பது மணிக்கு இந்தா இப்படித்தான் வருவாரு. அவரு வரலைன்னா இந்தத் தெரு முழிக்காது அண்ணே."

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். கட்டையான உருவம், அகன்ற தோள், மடித்துக் கட்டிய கட்டம் போட்ட கைலி. அந்தச் சந்தில் இருந்த ஷட்டர்கள் எல்லாம் துருப்பிடித்துக் கோணிப்போனவை. கடைக்காரர்கள் குனிந்து பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்கள். அவர் ஒரு கையைக் கீழே கொடுத்து, ஒரே வீச்சில் ஷட்டரைத் தூக்கிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடதடவென்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனது. ஒரு கடையில் டீ, ஒரு கடையில் வடை, ஒரு கடையில் நேற்றைய செய்தித்தாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

கட்சிக்காரரோடு நெருக்கம் வரட்டுமே என்று ஒரு ஷட்டரை நான் தூக்கிப் பார்த்தேன். அது அசையவில்லை. என் இடுப்பு மட்டும் அசைந்தது. அவர் என்னை மெதுவாக விலக்கிவிட்டு, ஷட்டரைத் தூக்கிவிட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். யாருக்கு யார் காப்பாளர் என்று டீ மாஸ்டருக்கே அந்த நேரம் சந்தேகம் வந்திருக்கும்.

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். அதாவது நான் பேசினேன். இந்த வீட்டிலேயே இருக்கிறீர்களா என்று கேட்டேன். சரி என்றார். அண்ணன் வீட்டுக்குப் போகிறீர்களா? சரி. ரெண்டு இடத்திலும் இருக்க முடியாதே, எது வேண்டும்? சரி. சரி என்று சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு வேறு. கேள்வி கேட்பவரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று யாரோ அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. கடைசியில் எனக்குக் குறும்பு தாங்கவில்லை.

"உங்களத் தூக்கி வைகையில போட்டுறவா?"

"சரி."

டீ மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கையெழுத்துப் போட்ட அந்தச் சமரச மனுவை இவரிடம் காட்டியிருந்தாலும் இதே சிரிப்போடு இதையேதான் சொல்லியிருப்பார். அதை வாங்கிக்கொண்டு போய், கட்சிக்காரரைப் பார்த்தேன், முழுமனதோடு சம்மதித்தார் என்று நான் எழுதியிருப்பேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருந்திருக்காது.

ஒருவேளை தமிழில் கேட்டதால் இப்படியோ என்று தோன்றியது. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரை அழைத்து அவர்கள் மொழியிலேயே கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் ஏழெட்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே தலையாட்டல், அதே சிரிப்பு. அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவன் எப்பவும் இப்படித்தான், இவனுக்கு இல்லைன்னு சொல்லவே தெரியாது என்றார்.

டீ மாஸ்டர் டம்ளரைக் கழுவிக்கொண்டே மறுத்தார். தெரியாமல் என்ன, வாயால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான் என்றார். போன வருடம் அம்மா இறந்த கையோடு அண்ணன் அவரை ஆட்டோவில் ஏற்றிக் காளவாசலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஏறச் சொன்னதும் ஏறிக்கொண்டார். மறுநாள் காலை ஒன்பதுக்கு இங்கே ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து கூட்டிப்போனார், திரும்பவும் வந்துவிட்டார். மூன்று தடவை.

"நடந்தேண்ணே. அம்புட்டுத் தூரமும் நடந்தே வந்தாரு. மூணாந்தடவ செருப்புக்கூட இல்ல."

வாயால் எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற மனிதர், காலால் மூன்று முறை மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சான்றிதழில் இது இல்லை. வழக்குரையில் இல்லை. என் ஃபைலில் இருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் கால் சொன்னதை டம்ளர் கழுவுகிறவரைத் தவிர வேறு யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை.

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. ஏழைக்கு நியாயம் வாங்கித் தருகிற வக்கீல் என்று என்னைப் பற்றி ஒரு படம் மனதுக்குள் ஓட ஆரம்பித்தது. அதே வேகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காளவாசலில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எதிர்த்தரப்பு வீட்டுக்கு நான் தனியாகப் போகக்கூடாது என்பதால் மாப்ளயும் வந்தான். கதவைத் திறந்தது ஒரு வில்லன் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், தூக்கம் போதாத கண்களோடு ஒரு மனிதர். கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, ஸ்கூட்டரில் சிம்மக்கல் போய்த் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஊரையே குறுக்காகக் கடந்து கப்பலூர். சாயங்காலம் மறுபடி சிம்மக்கல். மனைவிக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை ஆனதால் சமையலும் இவர்தான்.

தம்பிக்கென்று ஒதுக்கிய அறையைத் திறந்து காட்டினார். புதுக் கட்டில், புது மெத்தை. ஜன்னலுக்குத் திரை. ஒரு சின்ன டீவி. மெத்தையின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் கிடந்தது. என் படம் அந்த அறையின் வாசலிலேயே நின்றுபோனது.

மூன்று தடவை திரும்பி வந்ததைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மூன்றாவது தடவை சிக்னலில் ஒரு பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் தம்பி பிழைத்தார் என்றார். அதைப் பார்த்த ஆள் வந்து சொன்ன அன்றுதான் வீட்டை விற்பது என்று முடிவு செய்தாராம். திரும்பிப் போக வீடே இல்லை என்றால் போக மாட்டான் அல்லவா என்று என்னிடம் கேட்டார். அன்புள்ள ஒரு மனிதர் களைப்பின் உச்சியில் எப்படியெல்லாம் யோசிப்பார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது மாப்ள, ஏற்கெனவே போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டான். ஐம்பத்தொரு வயதுக்காரரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு எனக்குக் கெடுவதற்குப் பெயர் என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். அவன் யோசித்துப் பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

அறிக்கை எழுதத் தட்டச்சுக்கடைக்குப் போனேன். அக்கா வழக்கம்போல என் ஃபைலைத் திறந்தார். வேண்டாம், வெற்றுப் பக்கம் திறங்க என்றேன். அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முதலில் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. மூன்று டீ ஆறிப்போனது. கடைசியில் பார்த்ததை எல்லாம், ஷட்டர், வடை, மடித்த செய்தித்தாள், செருப்பில்லாத கால், பிரிக்காத மெத்தை உறை என்று வரிசையாகச் சொல்ல, அக்கா அடித்தார். வைகைக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். நீதிமன்ற அவமதிப்புக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

வாய்தா அன்று தம்பியும் வந்திருந்தார். நீதிபதி அம்மா அவரைத் தன் அறைக்கு அழைத்து, அண்ணன், மாப்ள, நான் என்று எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டே விசாரித்தார். அண்ணன் வீட்டுக்குப் போறீங்களா? சரி. இங்கேயே இருக்கீங்களா? சரி. நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று, வாயால் அவர் சொல்வது எனக்கு அறிவுறுத்தல் ஆகாது, காலால் சொன்னதைத்தான் என் கட்சிக்காரரின் அறிவுறுத்தலாக எடுத்துக்கொள்கிறேன், நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். எழுதி மனப்பாடம் செய்த வசனம். நன்றாகவே வந்தது.

அப்போது அண்ணன் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவீங்க சார். அவனுக்குக் காய்ச்சல் வந்தா வாரது நான்தான். எனக்குக் காய்ச்சல் வந்தா அவனுக்கு யாரு வாரா?"

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். பதில் சொல்லும்படி சொல்லவில்லை. சும்மா பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்தவன் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது என்னவோ இதுதான்:

"ஞாயித்துக்கிழம நான் வாரேன்."

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. வழக்கு முடிந்ததும் என் காப்பாளர் வேலையும் முடிந்துவிடும். அதை நீதிபதி அம்மா எனக்கு நினைவுபடுத்தவும் செய்தார். ஆனால் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து கைபேசியை எடுத்து, நம்பர் சொல்லுங்க என்றார்.

அதற்கப்புறம் வேலை சுலபமாக நடந்தது. சமரச மனுவைத் திருத்தி எழுதினோம். வீட்டின் பின்கட்டையும் மாடியையும் பக்கத்துக் கடைக்காரர் கிடங்குக்கு விலைக்கு எடுத்துக்கொள்வது, சந்துப் பக்கம் பார்த்த முன்னறையும் குளியலறையும் தம்பியின் ஆயுள் வரைக்கும் அவருக்கே என்பது ஏற்பாடு. கடைக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். ஷட்டர் தூக்க அவருக்கும் ஆள் வேண்டுமே. நீதிபதி அம்மா ஒவ்வொரு வரியாக வாசித்து, பள்ளிக்கூடம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அனுமதி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொன்னதை வீட்டில் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்துவிட்டது. நாளைக்கு நான் தூங்கலாமா சார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

இப்போது ஏழெட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தில் பாதிக் கடைதான் திறக்கும் என்பதால் அவருக்கு அவகாசம் உண்டு. நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைப்பேன், அவர் சாப்பிடுவார். கேள்வி எதுவும் கேட்பதில்லை. சாம்பாரை மிச்சம் வைத்துச் சட்னியை முழுக்கத் தின்றால், அடுத்த வாரம் சட்னி அதிகம் வாங்குவேன். ஒருநாள் நான் கொண்டுபோன புதுச் சட்டையை, சரி என்று வாங்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது. அடுத்த தடவை நிறம் மாற்றிப் பார்க்க வேண்டும். சட்டப் படிப்பில் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒருவேளை நான் போகாத வகுப்புகளில் சொல்லித்தந்திருக்கலாம்.

ஆனாலும் அண்ணன் கேட்டதற்கு இது முழுப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு ஐம்பத்தாறு, சர்க்கரை உண்டு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தம்பிக்கு ஐம்பத்தொன்று, ஒற்றைக் கையால் ஷட்டர் தூக்குகிறார். மூவரில் யார் கடைசிவரை இருப்பார் என்று பந்தயம் கட்டச் சொன்னால், யோசிக்காமல் என் கட்சிக்காரர் மேல்தான் கட்டுவேன். வக்கீலாக எனக்கு அதில் பெருமை. மற்றபடி அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் நீதிமன்றக் கேண்டீனில் மாப்ளயைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அவன் உஷாராகி, எதற்கு என்றான். சிம்மக்கல்லுக்கு வா என்றேன். அந்தக் கேசுதான் முடிந்துவிட்டதே அண்ணே, அதிலும் நான் உங்களுக்கு எதிர்த்தரப்பு என்றான். அதனால்தான் கூப்பிடுகிறேன், உனக்கு இன்னும் நாற்பத்தொன்றுதானே ஆகிறது என்றேன். கணக்கு அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு என்னைத் திட்டினான்.

அந்த ஞாயிறு வந்தான். முக்கால் மணி நேரம் தாமதம். சட்னியை மறந்துவிட்டான்.